நான்கு கோபுரத்திலும் மஞ்சள்

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு எங்கள் படியேறி வந்த பெண், தன் கோட்டையைக் காணவில்லை என்றாள்.

நாகேஸ்வரன் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் புகார் நோட்டைத் திறந்தேன். அந்த நோட்டில் இதுவரை ஏறியவை இரண்டு சைக்கிள், ஒரு வளர்ப்புக் கிளி, கோபித்துக்கொண்டு போன ஒரு மாப்பிள்ளை. கோட்டை இதுதான் முதல் தடவை.

"எந்தக் கோட்டை? கிழக்கேகோட்டையா?" என்றேன். "நேத்து சாயங்காலம் நான் பஸ் ஏறும்ப அது அங்கதானே நின்னுது."

"அது இல்ல சேச்சி. கேம்ல உள்ள கோட்டை" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நாகேஸ்வரன் துப்பறியும் நிலையம் கரமனையில் ஒரு தையல் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே மிஷின் ஓடினால் மேலே எங்கள் நாற்காலி ஆடும். சார் பக்கத்து அக்ரகாரத்துக்காரர், வயது நாற்பத்தாறு, மூளை முழுக்கக் கேள்வி. நான் பொன்செல்வி, பாறசாலைக்காரி. டைப்பிங், டீ, தைரியம் மூன்றும் என் பொறுப்பு.

வந்தவள் பெயர் ஷாலு. கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதன் சுருக்கம் இதுதான். கரமனை நெட் கபேயில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு யுத்த விளையாட்டு ஆடுகிறார்கள். பழைய காலத்து ஐரோப்பா. இரும்புச் சட்டை, வாள், கேடயம், குதிரை எல்லாம் உண்டு. இன்டர்நெட் வழியாக எந்த ஊர்க்காரனும் வந்து மோதலாம். ஐந்து பேரும் ஒன்பது மாதம் பாடுபட்டு ஒரு கோட்டை கட்டியிருக்கிறார்கள். ஷாலு அதற்குத் தலைவி. அவளிடம் மட்டும் ஒரு ரகசியச் சொல் உண்டு. அந்தச் சொல் தெரிந்தால் யாரும் கோட்டைக்குள் போகலாம், பூட்டையும் மாற்றலாம்.

"வியாழக்கிழமை யாரோ பூட்டை மாத்திட்டாங்க சார். அஞ்சு பேரும் வெளியில நிக்கிறோம். தலைவியோட சொல்லை வச்சுதான் மாத்தினதுன்னு அறிவிப்புப் பலகையில வந்திருக்கு. கேம் கம்பெனிக்கு எழுதினா பத்து நாள் ஆகும்னு சொல்லுது. நான் கோட்டையை யாருக்கோ வித்துட்டேன்னு பிரஜின் சொல்றான். இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கபேயில கூடி, கையைத் தூக்கி என்னை வெளியில அனுப்பப் போறாங்க."

"அனுப்பினா?" என்றார் சார்.

"அவ்வளவுதான். அந்த நாலு பேரைத் தவிர எனக்கு வேற கூட்டே இல்ல சார். முதல் மதிலைக் கட்டினதே நானாக்கும். என்னைப் போய்க் கள்ளின்னு..."

விளையாட்டுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மூக்கு சிவந்திருந்த விதத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணைக் கள்ளி என்று சொன்னால் அதில் விளையாட்டு எது, வினை எது?

"கள்ளன் என்னவெல்லாம் கொண்டு போனான்?" என்று சார் கேட்டார்.

ஷாலு கொஞ்சம் குழம்பினாள். "அதான் சார் மனசிலாகல. வெளியில நின்னு பார்த்தா ஒண்ணும் போகல. மதில் ரெண்டடி உசந்திருக்கு. களஞ்சியத்துல தானியம் நெறஞ்சிருக்கு. நாலு மூலைக் கோபுரத்துலயும் மஞ்சள் கொடி கட்டியிருக்கான்."

"கள்ளனா, மேஸ்திரியா?" என்றேன்.

அவள் பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்தாள். யாராவது தலைவியின் சொல்லைப் பயன்படுத்தி நுழைந்தால் அவளுக்கு ஈமெயில் வரும்; பூட்டு மாறிய பிறகுதான் அவள் அதையெல்லாம் திறந்து பார்த்தாளாம். உள்ளே நுழைந்தவன் 'புதுவீரன்' என்ற பெயரில் வாசலில் நின்று வழிப்போக்கர்களோடு அடித்த அரட்டையும் அதில் இருந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். பெங்களூர்க்காரன் ஒருவன் கேட்கிறான், புதுவீரன் பதில் சொல்கிறான். நான் உரக்கப் படித்தேன்.

"வாளா, கோடரியா? உனக்கு எது பிடிக்கும்?"

"கோடரி விறகு வெட்ட. வாள்தான் அழகு. குதிரைமேல் இருந்து வீசினால் குறி தப்புகிறது. இறங்கி நின்று வெட்டுவதே மரியாதை."

"வேறு என்ன கேம் பிடிக்கும்? எனக்கு ஃபுட்பால்."

"செல்போனில் பாம்பு. நூற்று எண்பது வரை வளர்த்திருக்கிறேன். கார் ஓட்டும் கேம் வேண்டாம், தலை சுற்றும். துப்பாக்கி கேம் ஒரே இரைச்சல்."

"சரி, சண்டைக்கு வரலாமா?"

"தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து போரைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்."

"யாரடா நீ?" என்று பெங்களூர்க்காரன் கேட்டிருந்தான். நியாயமான கேள்வி.

சார் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ரகசியச் சொல்லை எங்கேயாவது எழுதி வச்சியோ?"

"போன் பக்கத்துல கெடந்த ஏதோ பேப்பரோட பின்பக்கத்துல எழுதினேன். அப்புறம் பார்த்தா பேப்பரைக் காணல. அடுத்த மாசம் அக்கா கல்யாணம் சார். வீடு முழுக்கப் பேப்பர்தான்."

"பொன்செல்வி, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு நுழைஞ்சான்னு எழுது."

எங்கள் அலுவலகத்தில் வெள்ளைத்தாள் ஓர் ஆடம்பரம். நாள்காட்டியில் கிழித்த தாள்களை நான் சேர்த்து வைப்பேன். பின்பக்கம் சுத்தமாக இருக்கும், மளிகைப் பட்டியல் எழுதலாம். அந்தந்த நாளின் தாளை எடுத்து அந்தந்த நாளின் நேரத்தை எழுதினேன். போன சனி ஒன்பது முப்பத்தைந்து முதல் பத்து இருபத்தைந்து. ஞாயிறும் திங்களும் ஆளே இல்லை. செவ்வாய் மூன்று பத்து முதல் நாலு இருபத்தைந்து. புதன் பன்னிரண்டு ஐந்து முதல் ஒன்று இருபத்தைந்து. வியாழன் ஒன்று முப்பத்தைந்து முதல் இரண்டு ஐம்பது. நேற்று வெள்ளி பத்து நாற்பது முதல் பதினொன்று ஐம்பத்தைந்து.

"ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்ல" என்றேன். "ஷிப்ட் மாறுற ஆளாக்கும் சாரே. ஆஸ்பத்திரி நர்ஸ், இல்லன்னா வாச்மேன்."

சார் ஐந்து தாளையும் வாங்கினார். பார்த்தார். திருப்பினார். அவர் முகத்தில் சிரிப்பு காதுவரை போனது.

"பொன்செல்வி, நீ எப்பவும் பின்பக்கமே பார்த்துண்டிருக்கே. முன்பக்கம் பாரு."

பார்த்தேன். சனி, ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. செவ்வாய், மூன்று முதல் நாலரை. புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன், ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு. புதுவீரன் ஒரு நிமிடம்கூட அதைத் தாண்டவில்லை.

"எங்க சர்ச்சுல ராகுவுக்கு எடம் கெடையாது, அதான் தோணல" என்றேன். "அப்பம் ராகு காலம் பாத்துத் துணிஞ்சு படையெடுக்கான். பெரிய நாத்திகன்!"

"நாத்திகனுக்கு ராகு காலம் எப்போன்னு எதுக்குடி தெரியணும்? இவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் வேலை இல்லை. ராகு காலத்திலே கஸ்டமர் வராத கடைக்காரன். ஞாயிறு கடை லீவு. திங்கள் ராகு காலம் ஏழரைக்கு, அப்போ கடையே திறக்கலை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கே ராகு காலம் வந்தாலும் இவன் ஒன்பது முப்பத்தஞ்சுக்குத்தான் வந்திருக்கான். கடை திறக்கறது ஒன்பதரைக்கு."

எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "சாலைக் கடைத்தெருவுல நகைக்கடை, பட்டுக்கடைன்னு நூறு கடை வரும் சாரே. ஒவ்வொண்ணா ஏறி எறங்கினா என் செருப்புதான் தேயும்."

"ஏற வேண்டாம். ஷாலு, உங்க ஆத்திலே நாலு மூலையிலே மஞ்சள் எதுக்குத் தடவுவா?"

ஷாலு வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணப் பத்திரிகைக்கு! அய்யோ சார், அந்தப் பேப்பர்! அப்பா பத்திரிகை வாசகம் எழுதி வச்ச பேப்பர். அதோட பின்பக்கத்துலதான் நான்..."

"அதுக்கும் நாலு மூலையிலே மஞ்சள் தடவி, அப்பா எந்தக் கடையிலே கொடுத்தார்?"

"சாலை. பிச்சைக்கனி கார்ட்ஸ்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து. இன்று சனிக்கிழமை. கள்ளன் இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் கோட்டைக்குள் நுழைவான். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைக்கும் கைவண்டிக்கும் நடுவே ஆட்டோ நின்று நின்று போனது. பிச்சைக்கனி கார்ட்ஸ் ஒரு குறுகிய கடை. சுவர் முழுக்கப் பிள்ளையார், மணமக்கள், வாழைமரம். முன்மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் பின்னால் வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஐம்பத்தெட்டு வயது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். அவர்தான் முதலாளி பிச்சைக்கனி.

"பத்திரிகை அடிக்கணும்" என்றேன்.

"சந்தோசம் தாயி. ஆனா இப்ப ராகு காலம்லா? பத்தரைக்கு மேல எழுதிக்கிடுவோம். உக்காருங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் திரைக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் உள்ளறையில் அவனைப் பார்த்தேன். தோள்வரை முடி, காதில் ஹெட்போன், கறுப்புச் சட்டையில் மண்டையோடு. விரல்கள் கீபோர்டில் பறந்துகொண்டிருந்தன. கள்ளனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. மூன்றே எட்டில் போய் ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"கோட்டைக் கள்ளா! கையைத் தூக்கு!"

அவன் கையைத் தூக்கினான். திரையில் ஒரு சிவப்புக் கார் போய் மரத்தில் முட்டியது.

"ஐயோ சேச்சி! கடைசி ரவுண்டாக்கும்!" என்று அலறினான். "எந்தக் கோட்டை? ஞான் கார் மாத்திரமே ஓட்டுவேன். குதிரை, வாளு, அதெல்லாம் போரடி."

அவன் பெயர் ஆன்சன், கடையின் டிசைனர். வேறு விசாரணை ஒன்றும் வேண்டாம், முட்டிய காரே சாட்சி சொன்னது. நான் ஹெட்போனைத் துடைத்து அவன் தலையிலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

"பொன்செல்வி, இங்கே வா" என்று முன்மேஜையிலிருந்து சார் கூப்பிட்டார். அவர் முதலாளியின் கீபோர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கல்யாண வாசகம் அடிச்சா எல்லா எழுத்துலயும் மஞ்சள் ஒட்டணும். உங்க கீபோர்டிலே நாலே நாலு எழுத்துதான் மஞ்சளாயிருக்கு. டபிள்யூ, ஏ, எஸ், டி. இந்த நாலை மட்டும் வச்சு யாருக்கு அண்ணாச்சி கல்யாணம்?"

"அது நடக்கிற கீ சார்!" என்று ஷாலு கத்தினாள். "முன்னால, பின்னால, இடது, வலது. அந்த நாலை வச்சுதான் வீரன் நடப்பான்!"

அவள் மேஜையைச் சுற்றி ஓடினாள். திரையில் ஓங்கிய மதில், நான்கு கோபுரம், நான்கிலும் மஞ்சள் கொடி. ஒன்பது மாதக் கோட்டை கல்யாண வீட்டுக் களையோடு நின்றது. வாசலில் புதுவீரன் வாளோடு காவல் நின்றான்.

"நீங்களா அங்கிள்? என் கோட்டையை எதுக்குத் திருடினீங்க? என்னைக் கள்ளின்னு சொல்றாங்க தெரியுமா?"

பிச்சைக்கனி எழுந்து நின்றார். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதான் தளபதியா? அடடா! நான் ஒங்க அப்பான்னுல்லா நெனச்சேன்!"

அவரே மூன்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, சொல்லுதேன். இந்த ஆன்சன்தான் எனக்கு இந்தக் கேமைப் போட்டுக் குடுத்தான். ராகு காலத்துல ஈ ஓட்டிட்டு எத்தன வருசம் உக்காந்திருக்கது? ஒங்க வீட்டு வாசகப் பேப்பரைத் திருப்பினேன். கோட்டை பேரும் ஒரு சொல்லும் எழுதியிருந்துது. சும்மா எட்டிப் பாக்கத்தான் போனேன். தெக்குப் பக்கம் மதில் இடிஞ்சு கெடந்துது தாயி, மனசு கேக்கல. திங்கக்கெழமை மத்தியானம் ஒங்க அப்பா கடைக்குப் பிழை பாக்க வந்தாரு. 'மதில் இடிஞ்சு கெடக்கே, கட்டட்டுமா'ன்னு கேட்டேன். 'ஆமா, போன மழையில போச்சு, கல்யாணத்துக்குள்ள கட்டி ஒசத்தணும்'னாரு. தளபதியே உத்தரவு குடுத்தாச்சு. கட்டிட்டேன்."

"அது எங்க வீட்டு காம்பவுண்டுச் சுவர்!" என்றாள் ஷாலு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு.

"எல்லாம் சரி" என்றார் சார். "பூட்டை எதுக்கு மாத்தினீர்?"

பிச்சைக்கனியின் முகம் மாறியது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது, பழக்கதோஷம். "புதன்கெழமை கோட்டைக்கு ஒரு ஓலை வந்துது. உள்ள இருந்து யாரோ அனுப்பினதுக்குப் பதில். அச்செடுத்து வச்சேன்."

சார் படித்தார். "கறுப்பு ஓநாய்ப் படையிலிருந்து. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருகிறோம். வாசலைத் திறந்து வை. மற்றவர்கள் யாரும் ஆட்டத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். கோட்டை கைக்கு வந்ததும் எங்கள் படையில் உனக்கு இடம் உண்டு, பிரஜின்."

சார் தாளை ஷாலுவிடம் நீட்டினார்.

"ராஜதுரோகம்லா? அதான் மறுநாளே பூட்டிட்டேன்" என்றார் பிச்சைக்கனி. "ஒங்க அப்பாவுக்கு ரெண்டு தடவ போன் போட எடுத்தேன். கல்யாண வீட்டுல போய் துரோகம் அது இதுன்னு எப்படிப் பேசுகது? வச்சிட்டேன்."

ஷாலு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரஜினுக்கு வாள் பிடிக்கவே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் மெதுவாக. "அவன்தான் முதல்ல என்னைக் கள்ளின்னு சொன்னது."

எனக்கு நெஞ்சு கொதித்தது. பன்னிரண்டு மணிக் கூட்டம் ஷாலுவை விரட்ட மட்டும் இல்லை. எல்லாரும் கை தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசலில் காவல் இருக்காது. பூட்டு மாறியதால் வாசல் திட்டம் கெட்டாலும், கூட்டத்தையாவது நடத்திப் பழியை அவள் தலையில் கட்டிவிடலாம் என்று அந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டிருக்கிறான்.

"ஓநாய்கள் பன்னண்டுக்கு வருவா" என்றார் சார். "வாசல் திறந்திருக்கும்னு நம்பிண்டு வருவா. திறந்தே இருக்கட்டுமே. உள்ளே நாம இருக்கணும், அவ்வளவுதான்."

ஷாலு நிமிர்ந்தாள். மூக்கு இன்னும் சிவப்பு, ஆனால் கண்ணில் வேறு வெளிச்சம். "வாசலுக்குப் பின்னால ஒரு பள்ளம் வெட்டலாம் சார். அதுக்கு மேல கேடயக்காரங்க."

"பள்ளம் நான் வெட்டுதேன்" என்றார் பிச்சைக்கனி ஆசையோடு. "பத்தரைக்கு இன்னும் அரை மணி இருக்கு."

புதிய ரகசியச் சொல்லை வாங்கிக்கொண்டு ஷாலுவும் சாரும் கபேக்குப் புறப்பட்டார்கள். என்னைக் காவலுக்கு இங்கேயே விட்டுவிட்டார்கள். முதலாளி பள்ளம் வெட்டினார். ஆன்சன் எனக்கு டீ வாங்கித் தந்து, கார் முட்டியதை மன்னித்தான். பத்தரை அடித்ததும் கடை நிறைந்தது. பிச்சைக்கனி வாசகம் வாங்கினார், மஞ்சள் தடவினார், மாதிரி காட்டினார். ஆனால் கண் மட்டும் கடிகாரத்திலேயே இருந்தது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மேஜைமேல் இருந்த போன் அடித்தது. நான் எடுத்தேன். சார்.

"தாளைக் காட்டினோம். பிரஜின் பாத்ரூம் போறேன்னு போனான், திரும்பலை. செருப்பு இங்கேயே கிடக்கு. பாக்கி மூணு பேரும் தலையைக் குனிஞ்சுண்டு நின்னா. அப்புறம் என்ன ஆச்சுன்னு நீயே கேளு."

போனுக்குள் நாற்காலிகள் இழுபடும் சத்தம். அதற்கு மேலாக மூன்று குரல்கள், ஒன்றன் மேல் ஒன்று விழுந்துகொண்டு, "சாரிடீ... உத்தரவு சொல்லு கேப்டன்! எங்க நிக்கணும் கேப்டன்?" என்றன.

அடுத்து ஷாலு பேசினாள். அழுதவள் குரலா அது? "சேச்சி, நாங்க நாலு பேர் மதில்ல ஏறியாச்சு. வாசலுக்கு ஆள் இல்ல. கனி அங்கிள் வேணும். இப்பவே வேணும்!"

நான் திரும்பிப் பார்த்தேன். பிச்சைக்கனிக்கு முன்னால் சேஷன் என்ற பெரியவர், பிள்ளை வீட்டுக்காரர், பட்டுக்கரை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கூடவே ஆறு உறவினர். வாசகத் தாளை இரண்டு கையாலும் நீட்டினார். "சரியா பன்னண்டுக்குக் கொடுக்கணும்னு ஜோசியர் சொன்னார். வாங்கிக்கோங்கோ."

பிச்சைக்கனி தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தூரத்துக் குன்றில் கறுப்புக் கொடிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை.

முப்பது வருடமாக எந்தக் கல்யாண வீட்டாரையும் காக்க வைக்காத மனிதர், நீட்டிய தாளை மெல்லத் திருப்பித் தள்ளினார்.

"ஒரு அரை மணி பொறுத்துக்கிடுங்க சார். இப்ப நேரம் சரியில்ல."

சேஷன் திடுக்கிட்டுச் சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். "ராகு காலம் பத்தரைக்கே போயிடுத்தே? நேரம் பிரமாதமா இருக்குன்னாரே! யாருக்குச் சரியில்லை?"

பிச்சைக்கனி மஞ்சள் விரலை டபிள்யூ மேல் வைத்து அழுத்தினார்.

"ஒங்களுக்கு இல்ல சார். ஓநாய்க்கு."